காசு கொடுக்காமல் வரும் செய்தி: எல்லையோரச் சிறுதொழிலுக்கு மக்கள் தொடர்பு எப்படி வேலை செய்கிறது

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள செங்கோட்டை, பிரானூர், புளியரை பக்கம் சிறுதொழில் நடத்துபவர்களைச் சீசன் தொடங்கும்போது மூன்று பேர் தேடி வருவார்கள். "பேப்பர்ல உங்க கடையைப் பத்தி நியூஸ் போட்டுத் தாரோம், இவ்வளவு ஆகும்" என்பார் ஒருவர். "ஒரு ரீல்ஸ் போதும் அண்ணாச்சி, கேரளாக்காரங்க வரிசையில நிப்பாங்க" என்பார் அடுத்தவர். கூகுளில் நூறு ஐந்து நட்சத்திர மதிப்புரை வாங்கித் தருவதாகச் சொல்வார் மூன்றாமவர். மூவரும் தாங்கள் செய்வது பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு என்றே சொல்கிறார்கள். ஆனால் முதலாவது விளம்பரம். இரண்டாவது, விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டியது. மூன்றாவது ஏமாற்று. மக்கள் தொடர்பு இந்த மூன்றுக்கும் வெளியே இருக்கிறது. அதன் கருவிகளுக்கு ஆகும் செலவும் பெரும்பாலும் உழைப்புதான்.

விளம்பரமும் செய்தியும்

விளம்பரம் என்றால் பத்திரிகையின் இடத்தைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விலைக்கு வாங்குவது. அதில் என்ன வர வேண்டும் என்பதை வாங்கியவர் முடிவு செய்கிறார். படிப்பவருக்கும் அது தெரியும், அதனால் பாதியைத்தான் நம்புவார்.

செய்தியில் இடத்துக்கு விலை இல்லை. எதை எடுப்பது, எதை வெட்டுவது, எந்தத் தலைப்பு என்பதெல்லாம் ஆசிரியர் குழுவின் கையில். நம் விருப்பப்படி வராது. ஆனால் வந்தால், சொல்வது நாம் அல்ல, மூன்றாம் ஆள். அதன் நம்பகத்தன்மை அங்கிருந்துதான் வருகிறது. காசு வாங்கிக்கொண்டு, விளம்பரம் என்ற குறிப்பும் இல்லாமல் வரும் 'செய்தி' பத்திரிகை நெறிக்கே விரோதமானது. தெரியவந்தால் கடையின் பெயரும் சேர்ந்தே கெடும்.

அந்த மூன்றாம் ஆள் நிருபராக இருக்கலாம், வாடிக்கையாளராக இருக்கலாம், குற்றாலம் லாட்ஜ் மேலாளராகவோ ஐயப்ப பக்தர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநராகவோ இருக்கலாம். நம்மைப் பற்றிச் சரியாகச் சொல்ல அவருக்குத் தேவையான விவரத்தை முன்கூட்டியே அவர் கையில் சேர்ப்பதுதான் மக்கள் தொடர்பு.

எல்லையில் ஏன் எல்லாம் இரண்டாகிறது

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலப் பகுதி. மாநில எல்லை மாறிய பிறகும் வியாபாரம் மலைக்கு இரண்டு பக்கமும்தான் நடக்கிறது. கேரளப் பக்கத்துப் புனலூர் ரயிலில் சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் பத்திரிகைகளைப் பொறுத்தவரை அந்த 50 கிலோமீட்டருக்குள் ஒரு மதில் நிற்கிறது.

தமிழ் நாளிதழ்கள் ஊருக்கு ஊர் பதிப்பு பிரித்து அச்சாகின்றன. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானாலும் இங்குள்ள செய்தி திருநெல்வேலிப் பதிப்பில்தான் வரும். மலையாள மனோரமாவும் மாத்ருபூமியும் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் செய்திகளைக் கொல்லம் பதிப்பில் போடுகின்றன. நெல்லைப் பதிப்பில் எவ்வளவு பெரிதாக வந்தாலும் புனலூர்க்காரர் கண்ணில் படாது. எனவே நிருபர் பட்டியல் இரண்டு, செய்திக் குறிப்பு இரண்டு, வாட்ஸ்அப் பட்டியலும் இரண்டு வேண்டும்.

நாள்காட்டியும் அப்படித்தான். நமக்கு ஆடித் தள்ளுபடி நடக்கும் மாதம் அங்கே கர்க்கடகம்: ராமாயணம் படிக்கும் மாதம், மருந்துக்கஞ்சி குடிக்கும் மாதம், கல்யாணம் நடக்காத மாதம். அடுத்து வரும் சிங்ஙத்தில், நம் ஆவணியில், ஓணம். அங்கே வருடத்தின் பெரிய கொள்முதல் அப்போதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலைக் கூட்டம், ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாக. இந்த மூன்று காலத்திலும் நிருபர்களே இந்தப் பகுதியிலிருந்து செய்தி தேடுகிறார்கள். சீசனுக்கு மூன்று வாரம் முன்பே குறிப்பு தயாராக இருக்க வேண்டும். சீசன் நடுவில் எழுத உட்கார்ந்தால், கல்லாவில் கூட்டம் நிற்கும் நேரத்தில் எழுத வேண்டி வரும், அது நடக்காது.

முதலில் ஒரு விவரத்தாள்

எந்தக் கருவிக்கும் முன்னால் தேவைப்படுவது ஒரே பக்கத்தில் அடங்கும் விவரத்தாள். ஆறு பேர் வேலை செய்யும் மரச்செக்கு ஆலை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயும், அதிலேயே பொரித்த நேந்திரங்காய் சிப்ஸும் விற்கிறார்கள். அவர்களுடைய தாளில் இருக்க வேண்டியவை:

1. கடையின் பெயர், தமிழிலும் மலையாளத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில். பெயர்ப்பலகையிலும் பில்லிலும் பாக்கெட்டிலும் அதே பெயர்.
2. தொடங்கிய ஆண்டு, வேலை செய்வோர் எண்ணிக்கை, தேங்காய் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறது.
3. ஒரு நாளில் எத்தனை கிலோ கொப்பரை ஆட்டப்படுகிறது, எத்தனை லிட்டர் கிடைக்கிறது. கல்லாக் கணக்கோடு ஒத்துப்போகும் எண் மட்டும்.
4. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், கடைசி ஆய்வக அறிக்கையின் தேதி.
5. பேசுபவர் ஒருவர், அவர் இல்லாதபோது பேச இன்னொருவர். இருவரில் ஒருவருக்கு மலையாளம் சரளமாக வர வேண்டும்.

சாதாரணமாகத் தெரியும் இந்தத் தாள் இல்லாததால்தான் பல செய்திகள் கெடுகின்றன. நிருபர் போனில் கேட்கும்போது முதலாளி ஓர் எண்ணும் மகன் வேறோர் எண்ணும் சொன்னால், அந்தச் செய்தி ஓரமாகப் போய்விடும்.

செய்திக் குறிப்பு

எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி: கடைக்குப் பொருள் வாங்க வராதவருக்கு இதில் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது செய்தி அல்ல. இரண்டாம் ஆண்டு விழா, புதிய பாக்கெட், பத்து சதவீதத் தள்ளுபடி எல்லாம் விளம்பரத்துக்கு உரியவை. விவசாயியிடம் கொள்முதல் முறையை மாற்றியது, உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தது, பொதுமக்களுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்து காட்டுவது ஆகியவை செய்தி.

ஓணத்துக்கு முன் செக்கு ஆலை எதைச் செய்து காட்டலாம்? தேங்காய் எண்ணெய்க் கலப்படம் கேரளத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படும் கவலை. 2018-ல் அம்மாநில உணவுப் பாதுகாப்புத் துறை பல தேங்காய் எண்ணெய் பிராண்டுகளுக்கு அடுத்தடுத்துத் தடை விதித்தது. வீட்டிலேயே பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஃப்ரீசரில் அல்ல, அரை மணி நேரம் வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது தனி அடுக்காக நிற்கும். இது முதல்கட்ட அறிகுறிதான், ஆய்வக முடிவுக்கு ஈடாகாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதை மக்கள் முன் இலவசமாகச் செய்து காட்டினால் இரண்டு மாநில நிருபர்களுக்கும் வர ஒரு காரணம் கிடைக்கிறது.

குறிப்பின் முதல் பத்தி இப்படி இருக்கலாம்:

"தேங்காய் எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே கண்டறியும் செயல்விளக்கம், செங்கோட்டையில் உள்ள செக்கு ஆலையில் ஆகஸ்ட் 8 சனிக்கிழமை காலை 10 மணிக்கு நடக்கிறது. அனுமதி இலவசம். சந்தேகமுள்ள எண்ணெயைச் சிறு பாட்டிலில் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கலாம்."

என்ன, எங்கே, எப்போது, யாருக்கு என்ற நான்கும் இதற்குள் வந்துவிட்டன. பக்கத்தில் இடம் இல்லையென்று உதவி ஆசிரியர் கீழிருந்து வெட்டுவார். மிஞ்சுவது இந்த ஒரு பத்தி மட்டும் என்றாலும் ஆள் வருவார். இரண்டாம் பத்தியில் சோதனை செய்யும் முறை, மூன்றாம் பத்தியில் ஆலையைச் சேர்ந்த ஒருவர் சொல்வது இரண்டு வரி, கடைசியில் விவரத்தாளிலிருந்து மூன்று வரியும் தொடர்பு எண்ணும். மொத்தம் 200 முதல் 250 சொல், ஒரு பக்கம். "தரத்தில் முன்னணி", "பாரம்பரியச் சுவை" போன்றவற்றை நிருபர் எப்படியும் எடுத்துவிடுவார். அவற்றை எடுத்த பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் குறிப்பில் செய்தியே இல்லை என்று அர்த்தம்.

மலையாளக் குறிப்பை மொழிபெயர்ப்புச் செயலியிடம் விடக் கூடாது. தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள் என்பதே இங்கே ஆபத்து. நமக்குச் சர்க்கரை என்றால் சீனி. மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம், சீனிக்குப் பஞ்சசார என்று பெயர். 'சர்க்கரை சேர்க்காதது' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், வெல்லப்பாகில் புரட்டிய ஓணத்துச் சர்க்கரவரட்டி தேடி வருபவரிடம் வெல்லமே இல்லை என்று சொன்னதாகிவிடும். தேங்காய் எண்ணெய் அங்கே வெளிச்செண்ண. தென்காசியைத் தெங்காசி என்றும் செங்கோட்டையைச் செங்கோட்ட என்றும் எழுதுவார்கள். சிப்ஸ் என்று எழுதலாம், ஆனால் ஓண இலையில் விழுவது உப்பேரி.

சொல்லோடு கோணமும் மாற வேண்டும். தமிழ்க் குறிப்பில் உள்ளூர்த் தேங்காய் விவசாயி முன்னால் வரலாம். மலையாளக் குறிப்பில் எந்த எண்ணெயில் பொரித்தது, புனலூரிலிருந்து எந்த ரயிலில் வந்து எந்த ரயிலில் திரும்பலாம் என்பவை முன்னால் வர வேண்டும். மலையாளப் பத்திரிகையை நாள்தோறும் படிக்கும் ஒருவர், புனலூர்ப் பக்கத்து ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது, எழுதிக் கொடுத்துச் சரிபார்த்தால் போதும்.

அனுப்பும்போது நடக்கும் தவறுகள்:

1. குறிப்பைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்புவது. நிருபர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். நேரமில்லை என்றால் விட்டுவிடுவார். யுனிகோடு எழுத்தில், மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டி அனுப்புவதுதான் சரி.
2. போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புவது. அது சுருங்கி, அச்சில் மங்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அசல் அளவிலேயே போகும். பெயர்ப்பலகைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் படத்தைவிட, செக்கு ஓடும்போது கொப்பரை போடும் கையும் முகமும் தெரியும் படத்தைத்தான் பத்திரிகை எடுக்கும். படவிளக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதித் தர வேண்டும்.
3. நேரம். அழைப்பு மூன்று நாள் முன்பு, நினைவூட்டல் முதல் நாள், நிகழ்ச்சி முடிந்த அன்று மாலை 4 மணிக்குள் படமும் குறிப்பும். மாவட்டப் பக்கங்களைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். இரவு 9 மணிக்கு அனுப்பியது மறுநாள் பழைய செய்தி.
4. குறிப்பில் கொடுத்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்காமல் விடுவது. பல குறிப்புகள் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன.
5. நிருபருக்குக் 'கவர்' கொடுப்பது. நேர்மையான நிருபரை அது அவமதிக்கும். மற்றவரை அடுத்த முறையும் எதிர்பார்க்க வைக்கும். ஒரு டம்ளர் டீயும் சரியான தகவலும் போதும்.

நிருபர் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் போதும். பத்திரிகை, பெயர், எண், எதைப் பற்றி எழுதுகிறவர், கடைசியாக எப்போது பேசினோம் என்று ஐந்து கட்டம். பகுதிநேர நிருபர்கள் அடிக்கடி மாறுவார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கைப்பேசியில் இருக்கும் பெயர்ப்பலகை

புனலூரிலிருந்து வருபவர் கடையை முதலில் பார்ப்பது சாலையில் அல்ல, கூகுள் மேப்பில். அதற்கான கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். கடையின் உள்ளும் புறமும் காட்டும் வீடியோ எடுத்து அனுப்பி உரிமையை உறுதி செய்யச் சொல்லிக் கூகுள் கேட்கலாம். பெயர்ப் பகுதியில் பலகையில் உள்ள பெயர் மட்டும் இருக்க வேண்டும். 'நம்பர் 1 செக்கு எண்ணெய் செங்கோட்டை' என்று சேர்த்தால் விதிமீறல், ப்ரொஃபைலே முடக்கப்படலாம். விவரிப்புக்கு 750 எழுத்து வரை இடம் உண்டு. முதல் இரண்டு வரியில் என்ன விற்கிறோம், வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேப்பில் கடையைக் காட்டும் புள்ளியை நெடுஞ்சாலையில் வண்டி திரும்பும் வாசலில் வைக்க வேண்டும். பின்பக்கக் கிடங்கில் வைத்தால் வருகிறவர் சுற்றி அலைவார். விடுமுறை நாள் நேரத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் எழுதும் மதிப்புரை வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

மதிப்புரை கேட்கலாம், பில்லோடு கியூஆர் குறி கொடுக்கலாம். மதிப்புரைக்குப் பதிலாகத் தள்ளுபடியோ பாக்கெட்டோ கொடுப்பது கூகுள் விதிக்கு எதிரானது. விலைக்கு வாங்கியவை கண்டுபிடிக்கப்பட்டால் நீக்கப்படும். மலையாளத்தில் எழுதியவருக்கு மலையாளத்திலேயே இரண்டு நாளுக்குள் பதில் போட வேண்டும். குறை சொன்னவருக்கு எழுதும் பதில் உண்மையில் அவருக்கானது மட்டுமல்ல, அடுத்துப் படிக்கப்போகும் நூறு பேருக்குமானது.

வாட்ஸ்அப் பிசினஸில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 'அனுப்பினேன், யாரும் வரவில்லை' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கல்லாவில் நிற்கும்போதே சம்மதம் கேட்டு, அவர் போனில் எண்ணைச் சேமிக்கச் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பினால் தடுத்துவிடுவார்கள்.

கடையின் பெயர்ப்பலகையில் மலையாளம் சேர்க்கலாம். ஆனால் தமிழ்நாட்டு விதிப்படி தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

ரீல்ஸ் போடுபவரும் சட்டமும்

உணவு வீடியோ போடுபவர்களால் எல்லையோரக் கடைகளுக்குக் கூட்டம் வருவது உண்மை. ஆனால் காசு கொடுத்தாலும், இலவசமாகச் சாப்பாடோ பொருளோ கொடுத்தாலும், அந்த வீடியோ விளம்பரம்தான். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அந்த உறவைப் பார்ப்பவர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். மற்ற ஹேஷ்டேகுகளுக்குள் புதைத்தால் செல்லாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். தயாரிப்பாளர், விளம்பரதாரர், பரிந்துரைப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

அதனால் படம்பிடிப்பதற்கு முன் சொல்லக் கூடாதவற்றை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 'இந்த எண்ணெய் சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று ஒரு வரி வந்தால், 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய வைத்தியச் சட்டத்துக்குள் போகிறது. சர்க்கரை நோய் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. 'ஆர்கானிக்' என்று பாக்கெட்டில் போட்டுக் கடைகளுக்கு அனுப்பச் சான்றிதழ் வேண்டும், 2017 முதல் அதற்குத் தனி விதிமுறை உண்டு. தோட்டத்தில் உரம் போடவில்லை என்பது மட்டும் போதாது.

கெட்ட செய்தி வரும் நாள்

எல்லையில் இதற்குத்தான் அதிகத் தயாரிப்பு வேண்டும். ஓணத்துக்கு முன் தமிழ்நாட்டுச் சரக்கு கேரளச் சோதனைச்சாவடிகளில் தீவிரமாகச் சோதிக்கப்படும். அது அவர்களுடைய வேலை; அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் செய்தி ஆய்வக முடிவைவிட வேகமாகப் பயணிக்கும். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பால் டேங்கர் ஆரியங்காவில் நிறுத்தப்பட்டது. பால்வளத் துறையின் சோதனையில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகச் செய்தி வந்தது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகத்தில் அது தென்படவில்லை. முதல் செய்தி பரவிய அளவு இரண்டாவது பரவவில்லை.

நம் சரக்கு நிறுத்தப்பட்டால் செய்ய வேண்டியவை, வரிசைப்படி:

1. எந்தத் தொகுதி (பேட்ச்) எண், எத்தனை பாக்கெட், எங்கெங்கே போயிருக்கிறது என்று எடுத்துவைக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாக்கெட்டைக் காலாவதித் தேதி வரை கடையிலேயே சேமித்து வைக்கும் பழக்கம் இருந்தால்தான் அன்று பேச முடியும்.
2. அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிடப்படும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. அந்த இடத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.
3. முதல் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு வரி அறிக்கை: என்ன நடந்தது, எந்தத் தொகுதி, அந்தத் தொகுதியின் விற்பனையை நிறுத்திவிட்டோம், முடிவு வந்ததும் அடுத்துச் சொல்வோம். 'இது சதி' என்றோ 'எங்கள் பொருளில் குறையே இல்லை' என்றோ அப்போது சொல்லக் கூடாது. ஆய்வகம் வேறு சொன்னால் திரும்பப் பேச வாயிருக்காது.
4. பேசுவது விவரத்தாளில் குறித்த ஒருவர் மட்டும். மலையாள நிருபர் அழைத்தால் மலையாளம் தெரிந்தவர் பேச வேண்டும். அரைகுறை மொழியில் சொன்னது அப்படியே அச்சில் வரும்.
5. விலை கொடுத்து வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தால், பில் இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதி எண் இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

சாதகமான அறிக்கை வந்த அன்றே அதன் நகலோடு குறிப்பை, முதல் செய்தியை வெளியிட்ட பத்திரிகையின் அதே பதிப்புக்கு, முடிந்தால் அதே நிருபருக்கு, அதே மொழியில் அனுப்ப வேண்டும். கொல்லம் பதிப்பில் வந்த குற்றச்சாட்டுக்கு நெல்லைப் பதிப்பில் வரும் மறுப்பு, சரக்கு வாங்குகிற புனலூர்க்காரரிடம் போய்ச் சேராது.